இடது டயரின் முறையீடு

ஒரு சின்ன விமானத்தின் இடது டயரில் அன்று காலை பெரிய வெடிப்பு விட்டிருந்தது. பயந்துபோன டயர், விமானத்துக்குள் விமானியின் இருக்கைக்கு எதிரே சட்டம் போட்டு மாட்டியிருந்த தகுதிச் சான்றிதழைக் கூப்பிட்டது.

"அண்ணே, இன்றைக்கு நான் தாங்க மாட்டேன். விமானியிடம் சொல்லுங்களேன்."

"இந்த விமானம் பறக்கத் தகுதியானது என்று என் மேல் முத்திரையே இருக்கிறது. ரப்பர் நீ எனக்குச் சொல்ல வந்துவிட்டாயா?"

விமானி வந்தார். குனிந்து ஒரு பார்வை பார்ப்பார் என்று டயர் காத்திருந்தது. குனிந்தால் சட்டையின் இஸ்திரி கலைந்துவிடுமே! அவர் சான்றிதழை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டு விமானத்தைக் கிளப்பினார்.

பாதி ஓடுபாதையிலேயே டயர் வெடித்தது. விமானம் சறுக்கிப் போய்ப் புதரில் மூக்கைக் குத்தி நின்றது. விமானி நெற்றியில் ரத்தம் வழியத் தவழ்ந்து வெளியே வந்தார்.

கிழிந்து கிடந்த டயரிடம் சான்றிதழ் பெருமையாகச் சொன்னது: "பார்த்தாயா, இன்னும் ஆறு மாதத்துக்கு நான் செல்லுபடியாவேன்."