பிரேக்குக்குக் கீழே தேசிக்காய்

வெள்ளவத்தையின் குறுந்தெருவான ஒழுங்கை கடலை நோக்கிச் சரிகிறது. மாலை வெயில் முன்கண்ணாடி முழுக்கப் பரவிக் கண்ணைக் கூசவைக்கிறது. காரோட்டும் கௌசிகா பிரேக்கை மிதிக்கிறாள். அது பாதியிலேயே தடக்கி நிற்கிறது. புதிதாக வாங்கிய பழைய காருக்கு இன்று பூசை செய்வித்து, டாஷ்போர்டில் அப்பா நமசிவாயம் வைத்த எலுமிச்சை, அந்தத் தேசிக்காய், உருண்டு விழுந்து, பிரேக்குக்குக் கீழே இறுகிக் கிடக்கிறது. ஒழுங்கை முடியுமிடத்தில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வீதியைக் கடக்கிறார்கள். "குனிஞ்சு எடு பிள்ளை!" என்று பக்கத்து இருக்கையிலிருந்து அப்பா கத்துகிறார். "குனிஞ்சா றோட்டை ஆர் பாக்கிறது? பேசாம இருங்கோ!" ஹோர்னை விடாமல் அழுத்தியபடி மூன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்குக் கியரை இறக்குகிறாள். இஞ்சின் அலறுகிறது. ஹான்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறாள். ரப்பர் மணக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டு முழம் தள்ளிக் கார் நிற்கிறது. ஒரு சிறுமி பொனட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடுகிறாள்.

"பிள்ளையார்தான் காப்பாத்தினவர். இறங்கு, நான் காரை ஓடுறன்," என்று நமசிவாயம் கதவைத் திறக்கிறார். அவள் இறங்கவில்லை. நசுங்கிய தேசிக்காயை எடுத்து அவர் கையில் வைக்கிறாள். "நீங்கள் இதைப் பிடியுங்கோ, அப்பா. ஸ்டியரிங்கை நான் பிடிக்கிறன்."