கதவு எங்கே திறக்கிறது

“மறுபடியும் அந்த வீடா, மேடம்?” என்று கிருஷ்ணபிரசாத் கேட்டதும் வகுப்பு சிரித்தது. தங்கம் சிரிக்கவில்லை. அமெரிக்காவில் மகள் வீட்டு மாடியில் எந்த அறை எங்கே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்வதற்காக எழுந்து நின்றிருந்தாள்.

செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் கிருஷ்ணபிரசாத் நடத்தும் ஆங்கில வகுப்பு அது. விசாவுக்குக் காத்திருப்பவர்கள், வேலை தேடுகிறவர்கள் என்று யார் யாரோ வருவார்கள். அவர்களில் கிருஷ்ணபிரசாத்துக்கு அறவே ஆகாத இனம் ஒன்று உண்டு. ஒரே ஒரு தடவை அமெரிக்கா போய்வந்துவிட்டு, பிள்ளை வீட்டுக் குளியலறைக் குழாய் வரைக்கும் ஊருக்கு வர்ணிக்கிற அம்மாக்கள்.

தங்கத்தை வந்த அன்றைக்கே அந்த இனத்தில் சேர்த்துவிட்டார். கணவர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குஷாய்குடாவிலிருந்து பஸ் மாறி வருகிறாள். பேங்கில் எப்படிப் பேசுவது, டாக்டரிடம் என்ன சொல்வது என்று மற்றவர்கள் கேட்கும் எதுவும் அவளுக்கு வேண்டாமாம். எந்த வழி எந்த அறைக்குப் போகிறது, எந்தக் கதவு எங்கே திறக்கிறது, அதற்கு மட்டும் ஆங்கிலம் போதுமாம்.

தொல்லை விட்டால் சரி என்று அன்றைக்கு அதையே பாடமாக எடுத்தார். ஒரு நடைவழி இன்னோர் இடத்தில் கொண்டுபோய் விட்டால் ‘லீட்ஸ் டு’. ஜன்னல் தோட்டத்தைப் பார்த்து இருந்தால் ‘லுக்ஸ் அவுட் ஆன்’. கதவைத் திறந்ததும் நேரே ஓர் இடம் வந்தால் ‘ஓப்பன்ஸ் ஆன்டு’. மாடிப்படி ஏறி முடிகிற தளத்துக்கு ‘லேண்டிங்’ என்று பெயர்.

“மை ரூம்… ஓப்பன் தி ஸ்டெப்ஸ்” என்றாள் தங்கம்.

“உங்க ரூம் படிக்கட்டைத் தொறக்குமா? சாவி போட்டா, சும்மாவேயா?”

முன்வரிசையில் இருந்த ரஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “போதும் சார், நக்கோ, வேண்டாம். பாவம் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள்.

கிருஷ்ணபிரசாத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெறும் ரூம் என்று சொன்னால் யார் மதிப்பார்கள் என்றார். விசாலமான, கம்பீரமான, கண்ணைப் பறிக்கிற என்பதற்கெல்லாம் ஆங்கில வார்த்தைகளை போர்டில் வரிசையாக எழுதி, காலனியில் நாலு பேர் எதிரே சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று சிபாரிசு செய்தார்.

அதெல்லாம் வேண்டாம் என்று தங்கம் சொல்லிவிட்டாள். கொஞ்சம் தயங்கி, அவளாகவே ஒரு சந்தேகம் கேட்டாள்.

“நெக்ஸ்ட் டுன்னு சொன்னா, நடுவுல சுவர் இருக்குன்னு ஆயிடுமா சார்?”

“இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பக்கத்துல இருக்குன்னுதான் அர்த்தம். கதவு அந்தப் பக்கம் தொறக்குதுன்னு அதுல வராது.”

அவள் முகம் சுண்டிப்போனது. உட்கார்ந்தபடி உதட்டுக்குள்ளேயே எதையோ உருப்போட்டாள். பிறகு யாரும் கேட்காமலே மறுபடி எழுந்து, “மை ரூம் ஓப்பன்ஸ் ஆன்டு தி லேண்டிங்” என்றாள். இந்த முறை பிழையே இல்லை. சரியா சார் என்று கேட்டாள். சரி என்றார். அப்படியானால் கதவு திறந்திருந்தால் லேண்டிங்கில் நிற்பவர்கள் தெரிவார்கள் என்று கேட்பவர்களுக்குப் புரியுமா என்றாள். புரியும் என்றார். வெள்ளைக்காரர்களுக்கும் புரியுமா என்றாள்.

அதோடு அவருக்குப் பொறுமை போய்விட்டது. சாக்பீஸை மேஜையில் போட்டார்.

“மேடம், உங்க பொண்ணு வீட்டை இங்க யாரும் விலைக்கு வாங்கப் போறதில்ல. எங்களை ஏன் ரூம் ரூமா சுத்திக்காட்டுறீங்க? பெருமையடிக்கணும்னா உங்க பொண்ணையே ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்களேன்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தங்கம் வாய் திறந்தாள். பெருமைக்காக இல்லை, அடுத்த வாரம் அமெரிக்கக் கோர்ட்டில் வீடியோ வழியாகத் தன்னை மறுபடி விசாரிக்கப் போகிறார்கள் என்றாள். போன தடவை, படிக்கட்டுப் பக்கத்து அறையில் படுத்திருந்தேன் என்று தமிழில்தான் சொன்னாளாம். மொழிபெயர்த்தவர் அதை நெக்ஸ்ட் டு என்று சொல்லிவிட்டாராம்.

“சுவரைத் தாண்டி எப்படிப் பாத்தீங்கன்னு மாப்பிள்ளையோட வக்கீல் கேட்டாரு. எனக்குப் பதில் சொல்ல வார்த்தை இல்ல. அதான் இந்தத் தடவை என் வாயாலயே இங்கிலீஷ்ல சொல்லிரலாம்னு வந்தேன்.”

ரஷ்மி கையை வாயிலிருந்து எடுத்தாள். கிருஷ்ணபிரசாத் குரலைத் தாழ்த்தி, அப்படி என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்.

“எம் பொண்ணு படியில தானா விழலை, சார்.”