அப்பு தொடாத பளிங்கு

தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களில் இருந்த அழகிய சாமான்களையெல்லாம் துரைமாரே தேர்ந்தெடுத்தார்கள் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது கடுமையான பிழை. சரித்திரத்தின் நலன் கருதி இதை உடனே திருத்தியாக வேண்டும்.

துரை தாமாகத் தேர்ந்தெடுத்தவை இரண்டே இரண்டு: குதிரை, விஸ்கி. மற்ற எல்லாவற்றையும் பார்த்து வாங்கியவர் அப்பு. பங்களாச் சமையலும் வேலைக்காரர்களும் அவர் பொறுப்பு.

1912இல் நமுனுகுல மலைத் தோட்டமொன்றின் அப்பு கந்தப்பன், பதுளையில் இத்ரூஸ் முதலாளியின் கடைக்கு வந்ததும் இந்த முறைப்படிதான்.

துரை, புதிதாகக் கப்பலில் வரும் துரைசாணியை அழைத்துவரக் கொழும்புக்குப் போயிருந்தார். போகுமுன் குளியலறைக்குள் அப்புவைக் கூப்பிட்டு, முகம் கழுவும் மேசையைக் காட்டினார். அதன் பளிங்கு மேல்பலகை கறை பிடித்துக் கிடந்தது. புதிதாக ஒன்று போட்டு வைக்க வேண்டும். துரைசாணிக்குப் பிடிக்காவிட்டால் அப்பு பங்களாவில் இருக்க வேண்டியதில்லை. இவ்வளவுதான் உத்தரவு.

இத்ரூஸ் முதலாளி ஒரு பளிங்குப் பலகையின் மேலிருந்த சாக்கை விலக்கினார்.

அப்படி ஒரு வெள்ளையை அங்கே யாரும் பார்த்ததில்லை. சாம்பல் நிறக் கோடுகள் அதற்குள்ளே, மலைச்சரிவில் மூட்டம் இறங்குவதுபோல, நகர்கிற மாதிரியே இருந்தன. எதிர்க்கடைத் தையற்காரர் மர்ஸூக் ஊசியும் கையுமாக வந்து நின்றார். வாசலில் செருப்பைக் கழற்றியது அவருக்கே தெரியாது.

"இத்தாலி தேசத்துல வெட்டின கல்லு, அப்பு," என்றார் இத்ரூஸ், குரலைத் தாழ்த்தி. "தொட்டுப் பாருங்க. பனி மாதிரி ஈக்குது."

கந்தப்பன் தொடவில்லை.

"அந்த மூலையில இருக்கே, அது என்னாங்க?"

"அதுவா? பீங்கான் பலகை. தேத்தண்ணிக் கோப்பைக்கு அண்ணன் தம்பி. கோடும் இல்ல, பூவும் இல்ல. அத ஏன் பாக்குறீங்க?"

"அதையே கட்டுங்க மொதலாளி."

இத்ரூஸ் சிரிக்கவில்லை. "அப்பு, எது வித்தாலும் எனக்கு யாவாரந்தான். ஆனா நல்லதுக்குச் செல்றேன், கேளுங்க. துரைசாணிமாருக்குப் பளிங்கு எண்டா உசிரு. இதக் கொண்டு வச்சா ஒங்கட வேல போகும்."

"போனாப் போகுதுங்க."

"ஒண்டுமில்ல நானா," என்றார் மர்ஸூக், இத்ரூஸைப் பார்த்து. "காலமெல்லாம் தகரக் கோப்பையில குடிச்ச மனிசன். நல்ல சாமானக் கண்டதும் நடுங்குறார்!"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கந்தப்பன் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பளிங்கின் மேலும் மறுபாதியைப் பீங்கானின் மேலும் கவிழ்த்தார்.

"யா அல்லாஹ்! என்ட கடைக்குள்ளயே செய்வினையா?"

"ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பொறுத்துக்கங்க."

தேத்தண்ணி வந்தது. குடித்தார்கள். முட்டைக்குள்ளிருந்து என்ன வரப்போகிறதோ என்பதுபோல, எல்லாக் கண்களும் அந்த இரண்டு பாதிகளின் மேலேயே இருந்தன.

கந்தப்பன் இரண்டையும் எடுத்துத் துடைத்தார்.

பீங்கானில் ஒன்றுமில்லை. பளிங்கில் வட்டமாக ஒரு மங்கல்.

இத்ரூஸ் துணியால் தேய்த்தார். தண்ணீர் விட்டுத் தேய்த்தார். மர்ஸூக் தம் சட்டை நுனியால் தேய்த்தார். போகவில்லை. ஆயிரம் வருஷம் மலைக்குள் கிடந்து, கடல் தாண்டி, ரயிலேறி, மாட்டு வண்டியில் மலையேறி வந்த கல்லை, கைக்குள் அடங்கும் ஒரு பழம் தின்றிருந்தது.

"சுப்ஹானல்லாஹ்," என்றார் இத்ரூஸ் மெதுவாக. "ஒரு தேசிக்கா கல்லத் திண்டிட்டே!"

"பயப்படாதீங்க மொதலாளி. செவத்தோட ஒட்டுற ஓரத்துலதான் வச்சேன். வெளிய தெரியாது."

"இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொர மலையில இருந்து வந்ததும், காலுல அட்டை கடிச்ச எடத்துல எலுமிச்சம்பழம் தேப்பாருங்க. தேச்ச பழத்த அந்தப் பளிங்கு மேலதான் கவுத்து வைப்பாரு. மறுநா கறையப் பாத்துட்டு, யாரு கெடுத்தான்னு சத்தம் போடுவாரு. குளிக்கிற அறையக் கழுவுற பொம்பளதானே அம்புடும்? மொதல்ல மாரியாயி பேர வேலைக் கணக்குல இருந்து வெட்டுனாரு. அப்புறம் இராக்கம்மா பேரு. ரெண்டு பேரும் புள்ளைகளத் தூக்கிக்கிட்டு தோட்டத்த விட்டே போயிட்டாங்க. இப்ப கருப்பம்மான்னு ஒருத்தி வந்திருக்கு."

"தொரைட்ட உள்ளதச் செல்லக் கூடாதா?"

"தொர செஞ்ச தப்ப, தொரகிட்டயேவா?"

இத்ரூஸ் தலையாட்டினார். பீங்கான் பலகையை அவரே வைக்கோல் சுற்றிக் கட்டினார். கட்டும்போது, "இந்தக் கருப்பம்மா ஒங்கட சொந்தமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க." கந்தப்பன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "அவளுக தேச்சுத்தான் கல்லு கெட்டுச்சுன்னு தொரகிட்டச் சொன்னது நான்தாங்க. ரெண்டு தடவையும்."

"பழந்தான் காரணமெண்டு அப்ப ஒங்களுக்குத் தெரியாதே?"

கந்தப்பன் முடிச்சை இறுக்கினார்.

"மொதத் தடவ தெரியாதுங்க."

துரைசாணி வருவதற்குள் பீங்கான் பலகையைச் சுவரோடு சேர்த்துச் சாந்து பூசியாகிவிட்டது. பெயர்த்தால் சுவரும் கூடவே வரும். அவருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை விடிகாலை, வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு கந்தப்பன் நின்றார்.

கருப்பம்மா பங்களாவில் பதினாறு வருஷம் வேலை பார்த்தாள்.