மஞ்சள் துணி கட்டிய மொட்டு

“கள்ளி! என்ரை பூவைப் பிடுங்கின கள்ளி ஆரெண்டு எனக்குத் தெரியும்!”

கரம்பொன் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. யாழ்ப்பாணத்தால் வந்து பஸ் இறங்கிய கையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் இராசேஸ்வரி வேலிக்கு ஓடியிருந்தாள்.

வேலியில் கொடித்தோடை, ‘பாஷன் புரூட்’ பழக்கொடி. பண்டாரவளைச் சிநேகிதி அனுப்பிய விதை என்று ஊரெல்லாம் சொல்லி, அவளே ஊன்றி, முளைக்கும்வரை நித்திரையில்லாமல் கிடந்து வளர்த்தது. ஆடு எட்டிப் பார்த்தாலே பொல்லோடு நிற்பாள். இவ்வளவு காலமும் இலையை மட்டும் காட்டிப் பேய்க்காட்டிய கொடி, போன கிழமைதான் ஒரே ஒரு மொட்டு விட்டது. உடனே பக்கத்தில் மஞ்சள் துணி கட்டிவிட்டாள். மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் முதல் பூ பிள்ளையாருக்கு என்று நேர்த்தி.

இன்று விடியப் பேரன் பிறந்துவிட்டான் என்று சேதி வந்தது. அதே நாள் பார்த்து மொட்டும் விரியத் தயாராக நின்றது. இராசேஸ்வரிக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

“அல்போன்சக்கா! பேரன் பிறந்திட்டான்! பூவும் இண்டைக்கு விரியப்போகுது! பின்னேரம் வந்து பிள்ளையாருக்குக் குடுப்பன்!” என்று பக்கத்து வீட்டுக்கு வேலிக்கு மேலால் கத்திவிட்டு, பேரனைப் பார்க்க யாழ்ப்பாண பஸ்ஸுக்கு ஓடினாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டல்லவா, பண்ணைப் பாலத்தில் ஆமிக்காரர் மறித்துச் சோதனை. பஸ் பிந்திவிட்டது. பொழுதுபட வந்து பார்த்தால் மஞ்சள் துணி இருக்கிறது, பூவைக் காணவில்லை.

“ஆரைச் சொல்லுறீர்?” என்றார் கணவர் பரமலிங்கம், பின்னாலேயே ஓடிவந்து மூச்சு வாங்கியபடி.

“வேறை ஆர்? அல்போன்சக்காதான்! ‘உது யேசு ஆண்டவரின்ரை பாடுகளின்ரை பூ பிள்ளை, விரிஞ்சால் நடுவிலை மூண்டு ஆணி மாதிரி நிக்கும், எங்கட கோயிலுக்குத் தாரும்’ எண்டு கேட்டவ. நான் மாட்டன் எண்டனான்.”

“அது கிடக்கட்டும். பூ இருந்தாலும் நீர் எப்பிடிக் கோயிலுக்குப் போறது? எங்களுக்குத் துடக்கெல்லோ?”

இராசேஸ்வரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பேரன் பிறந்த வீட்டார் முப்பத்தொரு நாளைக்குக் கோயில் வாசலை மிதிக்க ஏலாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. மொட்டைக் கண்ட சந்தோசப் புளுகத்தில் அது துப்பரவாக மறந்துபோயிருந்தது.

தன் பிழை தெரிந்ததும் கோபம் இரட்டிப்பானது.

“அல்போன்சக்கா! உண்மையைச் சொல்லும்! நீரோ பிடுங்கினது?”

வேலிக்கு அப்பால் மீன் வெட்டிக்கொண்டிருந்த அல்போன்சம்மா நிமிர்ந்தாள்.

“ஓம் பிள்ளை. நான்தான் பிடுங்கினனான்.”

“கேட்டியளே! தன்ரை வாயாலையே சொல்லுறா! பிள்ளையாருக்கு நேர்ந்த பூ! என்ரை பேரனுக்கு ஏதும் ஒண்டு நடந்தால்...” குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது.

படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. பிள்ளையார் கோயில் ஐயர். துடக்கு வீடு என்பதால் ஒழுங்கையிலேயே காலை ஊன்றி நின்றார்.

“பேரனாம், சந்தோசம்! உங்கட நேர்த்திப் பூவைப் பின்னேரப் பூசைக்குச் சாத்தியாச்சு அம்மா. தும்பிக்கைக்குக் கிட்ட வைச்சனான், நல்ல வடிவு!”

“பூவோ? ஆர் கொண்டந்தது?”

“பக்கத்து வீட்டு அம்மாதான். ‘அவையளுக்குத் துடக்கு, எனக்கு ஒரு துடக்கும் இல்லை. அவ வரமுதல் பூவும் சுருங்கிப்போடும்’ எண்டு வெளிவீதியிலை நிண்டு தந்தவ. குளிச்சிட்டுத்தான் பிடுங்கினனான் எண்டும் சொன்னவ.”

ஐயர் போய்விட்டார். பரமலிங்கம் செருப்பில் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

இராசேஸ்வரி சீலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலிப் பொட்டு ஓட்டைக்குள் தலையை நீட்டினாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. ஊர் கேக்க உங்களைக் கள்ளி எண்டிட்டன். நீங்கள் உடனை சொல்லியிருக்கலாமே?”

“நீர் எங்க பிள்ளை சொல்ல விட்டனீர்?” அல்போன்சம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“அடுத்த பூ உங்கட கோயிலுக்குத்தான், சத்தியமா!”

அல்போன்சம்மா கத்தியை வைத்துவிட்டுக் கிட்ட வந்து, பரமலிங்கத்துக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னாள்:

“போன நத்தாருக்கு முந்தின நத்தார்ப் பண்டிகைக்கு, என்ரை தங்கச்சி பண்டாரவளையிலை இருந்து கொண்டந்த கொடித்தோடம்பழத்தை எங்கட வீட்டிலை திண்டிட்டு, விதையைக் கைலேஞ்சியிலை முடிஞ்சுகொண்டு போனனீரெல்லோ பிள்ளை? பயப்பிடாதையும், அதை நான் பிள்ளையாருக்குச் சொல்லேல்லை.”