ஒன்பது மணிப் பாட்டு

ஷட்டர் நகரவில்லை.

டெய்லர் அக்கா பின்வாசல் வழியாகக் கடைக்குள் வந்து, உள்ளிருந்தபடியே அதைத் தூக்கிப் பார்த்தாள், உதைத்துப் பார்த்தாள், தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயையும் ஊற்றிப் பார்த்தாள். மணி ஒன்பதைத் தாண்டி ஐந்து நிமிடம்.

எதிர்க்கடையில் இன்னும் பாட்டு ஆரம்பிக்கவில்லை. ஷட்டரைவிட அதுதான் அவளுக்கு அதிசயமாக இருந்தது.

ஷட்டரில் துருப்பிடித்து விழுந்த ஓட்டையில் கண்ணை வைத்தாள். ஊர் விஷயம் தெரிந்துகொள்ள அவளுக்கு இதைவிடப் பெரிய ஜன்னல் என்றுமே தேவைப்பட்டதில்லை.

எதிரே சலூன். நடத்துகிறவனுக்குத் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. தெருவுக்கே அவன்தான் முடி வெட்டுகிறான். ஆனால் பாட்டு விஷயத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. யாரையும் குறை சொல்லாமல் விடாத அக்காவே இதை ஒப்புக்கொள்வாள்.

வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு வைத்திருந்தான். ஆள் உட்கார்ந்து துணியைப் போர்த்தியதும் அது ஒலிக்கும். முறுக்கு மீசை லாரி டிரைவருக்குத் தாலாட்டு. செத்தாலும் சிரிக்காத பேங்க் மேனேஜருக்குக் குத்துப்பாட்டு. அக்கா தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமலே நாற்காலியில் யார் என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, அந்த ஆளின் ஜாதகத்தையும் சேர்த்தே சொல்வாள்.

ஒருமுறை சட்டைக்குப் பட்டன் வைக்க வந்த சலூன்காரனை மடக்கினாள்.

"எப்படிப்பா கண்டுபிடிக்கிற? கேட்டு வச்சுக்குவியா?"

"கேட்டா எவன்க்கா உண்மையைச் சொல்றான்? எல்லாரும் பெரிய மனுஷன் மாதிரி ஒரு பாட்டைச் சொல்லுவான். நான் காலைப் பாப்பேன். கத்திக்குப் பயந்து தலையை ஆட்ட மாட்டாங்க இல்ல? பிடிச்ச பாட்டு வந்தா கட்டைவிரல் தானா தாளம் போடும்."

இத்தனை வருஷம் அக்கா ஊரார் வாயைப் பிடுங்கியே காலத்தை ஓட்டியிருக்கிறாள். காலைப் பார்த்தால் போதும் என்று ஒரு நாளாவது தோன்றியதா?

"அது சரி. காலைல ஒன்பது மணிக்கு, ஆளே இல்லாத நாற்காலிக்கு ஒரு பாட்டு போடறியே, அது யாரு காலாம்?"

சிரித்தான். சட்டையை வாங்கிக்கொண்டு நழுவிவிட்டான்.

மற்றதெல்லாம் வம்பு. இது அப்படியில்லை. அந்தப் பாட்டு அவளுடையது.

முதலில் புல்லாங்குழல் மட்டும், துணைக்கு ஆளில்லாமல் வரும். பின்னாலேயே வயலின்கள் வந்து அதைத் தாங்கிக்கொள்ளும். பிறகு பாடுகிறவளின் குரல், இதோ வந்துவிட்டது என்று நாம் நினைக்கிற இடத்தில் வராது. ஒரு மூச்சு தள்ளி வரும். அந்த ஒரு மூச்சுக்காகவே பதினாறு வயதிலிருந்து அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர், "என்ன இது அழுமூஞ்சிப் பாட்டு" என்று ஒரே ஒரு தடவை ரேடியோவை அணைத்தார். அதற்குப் பிறகு வீட்டில் அவள் அதை முணுமுணுத்ததுகூட இல்லை.

அப்பேர்ப்பட்ட பாட்டை இவன் தினமும் எவளுக்கோ போடுகிறான்!

பஸ்ஸுக்கு நிற்கும் நர்ஸுக்குத்தான் என்று முடிவுகட்டி, நாலு பேர் காதிலும் போட்டு வைத்திருந்தாள். போன மாதம் நர்ஸ் வேலை மாற்றலாகிப் போய்விட்டாள். பாட்டு போகவில்லை.

இப்போது ஓட்டை வழியே பார்த்தால், சலூன் நாற்காலியில் பேங்க் மேனேஜர் கழுத்துவரை துணியோடு காத்திருக்கிறார். சலூன்காரன் அவரை விட்டுவிட்டு, கையில் போனோடு வாசலில் நிற்கிறான்.

"என்னப்பா, இன்னைக்குப் பாட்டு கீட்டு ஒண்ணும் கிடையாதா?"

"கொஞ்சம் இருங்க சார். எதிர்க்கடை இன்னும் தொறக்கலை."

"அவங்க தொறந்தாத்தான் நீ கத்தரியை எடுப்பியா? எனக்கு ஆபீஸ் இருக்குய்யா!"

அவன் திரும்பவில்லை. மூடிய ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்கா ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

குனிந்தாள். எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. ஷட்டர் அலறிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு ஏறி, அங்கேயே சிக்கிக்கொண்டது.

அதற்குமேல் அசையவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் தையல் மெஷினின் மிதிகட்டை தெரியும். அவள் போய் உட்கார்ந்தால் அதன்மேல் இரண்டு கால்கள் தெரியும். வேறொன்றும் தெரியாது.

போய் உட்கார்ந்தாள். துணி எதுவும் எடுக்கவில்லை. காலை மட்டும் மிதிகட்டையில் வைத்தாள்.

எதிரே புல்லாங்குழல் கிளம்பியது.

அக்கா மெல்லக் குனிந்து, யாருடையதையோ பார்ப்பதுபோல் தன் காலைப் பார்த்தாள். வலது கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை. குரல் வரவேண்டிய இடத்தில் அதுவாகவே நின்று, ஒரு மூச்சு காத்திருந்து, பிறகு குரலோடு சேர்ந்து எழுந்தது.

ஷட்டர் சரிசெய்கிறவனுக்குச் சாயங்காலம் போன் செய்தால் போதும்.