குண்டூசி அழுத சீன்

"வந்துட்டாரு பாரு! தன் மூஞ்சியை வெட்டிடுவோம்னு பயம்" என்று பல்லைக் கடித்தார் டைரக்டர்.

எடிட்டர் பெண் திரும்பிப் பார்த்தாள். வாசலில் குண்டூசி நின்றுகொண்டிருந்தார். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்து விழுந்தே தலை நரைத்துப்போன காமெடி நடிகர். ஒரு கொலை, ஒரு காதல் என்று ஓடுகிற இந்தப் படத்தில்தான் முதல் தடவையாக அவருக்கு அழுகிற வேஷம். காதலன் செய்த கொலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கைவிலங்கோடு நிற்கிற மகளைப் பார்க்கிற அப்பா.

நேற்று நாலு பேரைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். குண்டூசி உதட்டைப் பிதுக்கியதுதான் தாமதம், தியேட்டரே கொல்லென்று சிரித்துவிட்டது.

"அந்த சீனையே தூக்கிடலாம்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

"சீன் போகக் கூடாது தம்பி."

"எல்லாரும் சிரிக்கிறாங்கண்ணே!"

"அதுக்காக? சீன் இருக்கணும்."

"நீயாச்சு, அவராச்சு" என்று எடிட்டரிடம் கையை உதறிவிட்டு டைரக்டர் டீ குடிக்கப் போய்விட்டார்.

வயசானாலும் ஆசை விடுதா பார் என்று நினைத்துக்கொண்டே அவள் சீனை ஓட்டினாள்.

"அந்தப் புள்ளை மூஞ்சி வர்ற இடத்தை இன்னொரு தரம் போடும்மா."

போட்டாள்.

"இன்னொரு தரம்."

மகளாக நடித்தவள் புதுப்பெண். குண்டூசி கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எடிட்டருக்கு என்னவோ போலிருந்தது. இந்த மனுஷன் தன்னைப் பார்க்க வந்தாரா, அவளைப் பார்க்க வந்தாரா?

"என்னண்ணே, உங்க ஷாட்டைப் பார்க்க வேண்டாமா?" என்றாள் கொஞ்சம் குத்தலாகவே.

"அதான் நேத்தே பார்த்தேனே. நல்லாத்தானே அழுதிருக்கேன்?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "நிஜமாவே நல்லா இருக்குண்ணே. முதல் தடவை பார்த்தப்போ நானே கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்."

குண்டூசி முகமெல்லாம் மலர்ந்தது. சட்டென்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அந்தப் புள்ளை மத்த சீன்ல எல்லாம் பாட்டுக்கு ஆடிட்டுப் போயிடுதும்மா. வாயைத் திறந்து நடிக்கிறதே இங்கதான். என்னைப் பார்த்துச் சிரிச்ச சிரிப்புல, அது பேசினது ஒருத்தர் காதுலயும் விழலை. என் மூஞ்சி வர்ற இடத்தையெல்லாம் வெட்டிட்டு, முதுகை மட்டும் வச்சுக்க."