மூடி திறக்காத பாட்டில்

செண்பகம் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். ராத்திரி கண்ணயர்ந்ததும் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். அலறி எழுந்து உட்காருவாள்.

ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, அவள் மடியிலிருந்த தண்ணீர் பாட்டில் கெண்டைக்காலிடம் சொன்னது: "மாத்திரை வாங்கியிருக்கிறாள். இனியாவது அவளைத் தூங்க விடு."

"மாத்திரையை யார் கேட்டார்கள்? நான் கேட்பது தண்ணீர். அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்கிறாய்?"

"காலையில் நிரப்பியது அப்படியே இருக்கிறது. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். சாவி மேனேஜரிடம் இருக்கிறது. போய்க் கேட்டால், எல்லார் முன்னாலும் 'மறுபடியுமா?' என்பார்."

அவள் இறங்கும் இடம் வந்தபோது கெண்டைக்கால் சொன்னது:

"அப்படியானால், இத்தனை நாளும் நான் தப்பான ஆளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன்."